ஒற்றைக் கண் துப்பாக்கிச் சிற்பி

தேசிய மாணவர் படையில் துப்பாக்கி பிடித்த அன்பர்கள் நம் சங்கத்தில் பலர். குடுபல்லியிலிருந்து ரயிலேறிவரும் நானும் அவர்களுள் ஒருவன். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது அங்கே நாம் கற்ற பாடம். மருந்து தாமதமாகப் பற்றுவதுண்டு. அவசரப்பட்டு போல்டைத் திறந்தால் முகத்திலேயே வெடித்துவிடும்! இப்பாடத்தைக் கேட்கும்போதெல்லாம் பவுல் மௌசர் என் நினைவுக்கு வருவார்.

1838ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரை ஊரான ஓபர்ண்டார்ஃபில் அவர் பிறந்தார். தந்தை அரசாங்கத் துப்பாக்கிச் சாலையில் தொழிலாளி. வீட்டிலோ பதின்மூன்று பிள்ளைகள். பவுலும் அண்ணன் வில்ஹெல்மும் சேர்ந்து உருவாக்கிய துப்பாக்கியை 1871இல் ஜெர்மானியப் படை ஏற்றது. வாணிகம் பேசுவது அண்ணன், பட்டறையில் உழைப்பது தம்பி. 1882இல் அண்ணன் மறைந்தார். தம்பி சோர்ந்துவிடவில்லை.

அவருடைய தலைசிறந்த படைப்பு 1898ஆம் ஆண்டுத் துப்பாக்கி. தோட்டாக் கூடு கிழிந்தால் கொதிக்கும் வாயு பின்னோக்கிப் பாயும் அன்றோ? அது வெளியேறப் போல்டில் துளைகள் வைத்தார். முகத்தைத் தாக்காதிருக்கப் பின்னால் அகன்ற விளிம்பு அமைத்தார். முன்னிரண்டு பூட்டுப் பற்களும் முறிந்தாலும் போல்ட் பின்னால் பறக்காதபடி மூன்றாவது பல் ஒன்று. ஒரு தோட்டா உள்ளிருக்க இன்னொன்று புகுந்து சிக்குவது பழைய துப்பாக்கிகளின் பெருங்குறை. பெட்டியிலிருந்து எழும்போதே தோட்டாவின் விளிம்பைக் கொக்கி பற்றிக்கொள்ளும் முறையால் அதையும் தடுத்தார். காப்பு நெம்புகோலோ விசையை மட்டும் தடுப்பதன்று, அடியூசியையே பிடித்து நிறுத்துவது. நிமிர்த்தி வைத்தால் சுட முடியாது, ஆனால் தோட்டாக்களை வெளியே எடுக்கலாம். வலப்புறம் சாய்த்தால் போல்டும் பூட்டிக்கொள்ளும். நம் நாட்டில் ஜிம் கார்பெட்டுக்கு, சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907இல் பரிசாகக் கிடைத்த ரிக்பி துப்பாக்கியிலும் மௌசரின் பொறியே இருந்தது.

பிறர் கண்ணுக்கு இத்தனை காவல் வைத்தவர், 1901இல் தம் இடக் கண்ணை இழந்தார்! தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் புதுத் துப்பாக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். போல்ட் முழுவதும் பூட்டுமுன் தோட்டா வெடித்துவிட்டது. பூட்டாத கதவின் வழியே வெடிப்பின் வேகம் முழுவதும் பின்னே வந்தது. கையால் பூட்டும் துப்பாக்கியில், பூட்டியதைச் சுடுபவன் உணர்வான். தானியங்கியில் அந்தக் காவலையும் பொறியே செய்ய வேண்டும். அதுதான் அன்று தவறியது.

அவர் கருவியால் எத்தனை தாய்மார் கண்ணீர் வடித்தனர் என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் கண் போன பிறகும் அதே ஆராய்ச்சியை அவர் விடாதது என்னை வியக்க வைக்கிறது. 1914 மே 29ஆம் நாள் ஓபர்ண்டார்ஃபிலேயே அவர் கண்மூடினார். இரண்டே திங்களில் உலகப் போர் மூண்டது. ஜெர்மானிய வீரர்கள் தோளில் அவருடைய 1898ஆம் ஆண்டுத் துப்பாக்கியோடு அணிவகுத்துப் போயினர்.