1/3 + 1/4 = 2/7 தப்பா? வியாபாரிகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தந்த ஃபிபோனச்சி யார்?

உங்களிடம் 84 ரூபாய் இருக்கிறது. அதில் 3-ல் ஒரு பங்கு ஒருவருக்கு, 4-ல் ஒரு பங்கு இன்னொருவருக்கு. மொத்தம் எத்தனை பங்கு போகும்?

மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/7 என்று எழுதுவது பள்ளிக்கூடத்தில் பலரும் செய்யும் தவறு. 84-ல் 2/7 என்றால் 24 ரூபாய். ஆனா முதல் ஆளுக்கு மட்டுமே 28 ரூபாய் கொடுத்தாகணும்! கூட்டினால் கூட வேண்டியது, இங்கே குறைந்துவிட்டது. அப்போ எங்கே தப்பு?

800 வருஷத்துக்கு முன்பே இத்தாலிய வியாபாரிகளுக்காக இதைப் பொறுமையாக விளக்கி எழுதியவர் ஒருவர் இருந்தார். இன்று முயல் கணக்குக்காக உலகமே அறிந்த ஃபிபோனச்சிதான் அவர்.

யார் இந்த ஃபிபோனச்சி?

உண்மையான பெயர் லியோனார்டோ. சுமார் 1170-ல் இத்தாலியின் பீசா நகரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். சாய்ந்த கோபுரம் இருக்கிறதே, அதே பீசாதான். அந்தக் கோபுரத்தின் கட்டுமானம் தொடங்கியது 1173-ல். ஃபிபோனச்சி என்ற பெயர் அவர் இறந்து பல நூற்றாண்டுகள் கழித்தே பரவலானது.

அப்பா பெயர் குல்லியெல்மோ. வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள புஜியா துறைமுகத்தில், பீசா வியாபாரிகளின் சார்பில் சுங்க வேலை பார்த்தவர். மகனையும் அங்கே வரவழைத்துக் கணக்கு படிக்க வைத்தார். அங்கேதான் இந்தியாவில் பிறந்து, அரபு நாடுகள் வழியாக வந்த எண்முறையைச் சிறுவன் லியோனார்டோ கற்றுக்கொண்டான்.

பிறகு எகிப்து, சிரியா, கிரேக்கம், சிசிலி என வியாபார ஊர்களைச் சுற்றினார். போன இடமெல்லாம் கணக்குப் போடும் முறைகளைத் தேடித் தேடிப் படித்தார். சுமார் 1200-ல் பீசாவுக்குத் திரும்பினார்.

வியாபாரிகளுக்கு என்ன சிக்கல்?

அப்போது ஐரோப்பாவில் புழக்கத்தில் இருந்தவை ரோமன் எண்கள். கூட்டல் கழித்தலுக்குக் காய்களை நகர்த்தும் கணக்குப் பலகை வேண்டும். போட்ட வழி தாளில் இருக்காது. எங்கே தப்பு நடந்தது என்று திரும்பிப் பார்க்கவும் முடியாது.

நாணயக் கணக்கு இன்னும் தலைவலி. 1 லிரா என்றால் 20 சோல்டி, 1 சோல்டோ என்றால் 12 தெனாரி. ஊருக்கு ஊர் எடையும் காசும் வேறு. கூட்டு வியாபாரத்தில் லாபம் பிரிப்பது, வெள்ளியும் செம்பும் கலந்து காசு அடிப்பது என எதைத் தொட்டாலும் பின்னம்தான். பங்கைத் தப்பாகக் கூட்டினால் கைக்காசு போகும்.

1202-ல் லியோனார்டோ எழுதிய லிபர் அபாச்சி என்ற நூல் இதற்குத்தான் வழி சொன்னது. மொத்தம் 15 அத்தியாயங்கள். முதலில் 9 இந்திய எண்களும் சுழியமும் அறிமுகம். பிறகு முழு எண்கள், அடுத்து பின்னங்கள், அதன்பின் சரக்கு விலை, பண்டமாற்று, கூட்டு வியாபாரம். இரண்டு எண்களுக்கு நடுவே கோடு போட்டுப் பின்னம் எழுதும் முறையை வட ஆப்பிரிக்கக் கணிதர்கள் முன்பே பயன்படுத்தினார்கள். அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்ததில் இந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

மரக் கணக்கு: கீழ் எண்ணை ஏன் சமமாக்கணும்?

அந்த நூலில் ஒரு கணக்கு. ஒரு மரத்தின் 4-ல் ஒரு பங்கும் 3-ல் ஒரு பங்கும் மண்ணுக்குள் இருக்கின்றன. அந்த அளவு 21 சாண். அப்படியானால் மரத்தின் முழு நீளம் என்ன?

கால் பங்கும் மூன்றில் ஒரு பங்கும் வேறு வேறு அளவுத் துண்டுகள். 1 ரூபாயையும் 1 டாலரையும் கூட்டி 2 என்று சொல்ல முடியாது இல்லையா? அதே கதைதான். முதலில் இரண்டையும் ஒரே அளவுத் துண்டுகளாக மாற்றணும்.

* 3-ஆலும் 4-ஆலும் மீதியின்றி வகுபடும் சிறிய எண் 12. பள்ளியில் மீ.சி.ம. என்று படித்தது இதைத்தான்.
* மரத்தை 12 சம துண்டுகளாக நினைத்துக்கொள்ளுங்கள்.
* 4-ல் ஒரு பங்கு என்பது 3 துண்டு. 3-ல் ஒரு பங்கு என்பது 4 துண்டு.
* மொத்தம் 7 துண்டு. அதாவது 7/12.

7 துண்டு 21 சாண் என்றால் ஒரு துண்டு 3 சாண். 12 துண்டுக்கு 36 சாண். மரத்தின் நீளம் அவ்வளவுதான்!

இப்போ அந்த 84 ரூபாய்க்கு வாருங்கள். 12 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 7 ரூபாய். 7 பங்கு 49 ரூபாய். தனித்தனியாகப் பார்த்தாலும் 28-ம் 21-ம் சேர்ந்து 49. கணக்கு சரியாக வந்துவிட்டது.

பேரரசரின் அவையில்

லியோனார்டோவின் புகழ் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் வரை போனது. 1225 வாக்கில் அவையின் அறிஞர் ஒருவர் அவருக்குக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். அதில் ஒரு முப்படிச் சமன்பாட்டுக்கு, 60-ன் அடிப்படையிலான பின்னங்களில் அவர் தந்த விடை ஏறக்குறைய 1.3688081. தசமத்தில் 9 இடங்கள் வரை துல்லியம்!

1228-ல் லிபர் அபாச்சியைத் திருத்தி எழுதினார். இன்று நமக்குக் கிடைப்பது அந்தப் பதிப்புதான். 1240 வாக்கில் பீசா நகராட்சி அவருக்கு ஆண்டுக்கு 20 லிரா ஊதியம் வழங்கியது. நகரத்தின் கணக்குகளுக்கு உதவியதற்கான மரியாதை அது.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா?

உடனே இல்லை. புதிய எண்களை எளிதில் திருத்தி ஏமாற்றலாம் என்ற பயம் இருந்தது. 1299-ல் ஃபிளாரன்ஸ் நகரின் நாணய மாற்றுச் சங்கம், கணக்குப் புத்தகங்களில் இந்த எண்களை எழுதவே தடை போட்டது. ஆனாலும் வியாபாரிகளின் பிள்ளைகளுக்காக இத்தாலி முழுக்கக் கணக்குப் பள்ளிகள் பெருகின. லியோனார்டோ காட்டிய வழிதான் அங்கே பாடமானது.

முயல் கணக்கும் அதே லிபர் அபாச்சியில் உள்ள நூற்றுக்கணக்கான கணக்குகளில் ஒன்றுதான். பெயர் வாங்கிக் கொடுத்தது முயல். ஆனா கடைத்தெருவில் தினம் தினம் உதவியது பின்னம். உங்க வீட்டுப் பிள்ளை அடுத்த முறை 2/7 என்று எழுதினால் திட்ட வேண்டாம். ஒரு மரத்தை வரைந்து, 12 துண்டு போட்டுக் காட்டுங்கள்.