ஸ்கடர் வீட்டுப் பொண்ணு: கொடைக்கானல் மலையில் முடிந்த ஒரு 300 வருட அமெரிக்கக் கதை!

ஆயக்குடி கொய்யா மார்க்கெட்டில் நின்று தெற்கே பார்த்தால் பழநி மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவருக்கு மேலேதான் கொடைக்கானல். பழநியிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் 60 சொச்சம் கிலோமீட்டர். நாமெல்லாம் ஏரி, பைன் காடு, சாக்லேட் என்று ஏறுகிற அந்த மலையில், ஹில்டாப் என்ற பங்களாவில், 1960 மே 24-ம் தேதி 89 வயதுப் பாட்டி ஒருவர் இறந்துபோனார். பெயர் ஐடா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி-யை ஒற்றை ரூமில் ஆரம்பித்தவர்.

சி.எம்.சி கதை ஓரளவு எல்லோருக்கும் தெரியும். இந்த ஸ்கடர் குடும்பம் எங்கிருந்து கிளம்பி நம்மூர் மலைக்கு வந்து சேர்ந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போவோம்.

ரொம்பவே பின்னால். 1630-களில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து தாமஸ் ஸ்கடர் என்பவர் குடும்பத்தோடு கப்பலேறி, மாசசூசெட்ஸில் சேலம் என்ற ஊரில் போய் இறங்கினார் (நம்ம சேலம் இல்லை பாஸ்!). அப்போது அமெரிக்கா என்று ஒரு நாடே கிடையாது. எல்லாம் காலனிகள்தான். அவருடைய பிள்ளைகள் லாங் ஐலண்டுக்கு நகர்ந்தார்கள். அங்கிருந்து ஒரு கிளை நியூ ஜெர்சிக்குப் போனது.

நியூ ஜெர்சியில்தான் கதை சூடு பிடிக்கிறது. அந்த வட்டாரத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏற்கெனவே குடியேறியிருந்தார்கள். கூடவே அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதியில் சில தலைமுறை வாழ்ந்துவிட்டு, அங்கேயும் பிழைப்பு கஷ்டமாகி அட்லான்டிக் கடந்து வந்த ஸ்காட்டிஷ் வம்சத்தினரும் வந்து சேர்ந்தார்கள். இவர்களைத்தான் அமெரிக்காவில் ஸ்காட்ஸ் ஐரிஷ் என்கிறார்கள். ஊர்ச் சர்ச்சுக்கே, அல்ஸ்டரிலிருந்து வந்த டென்னன்ட் என்ற போதகர் குடும்பத்தின் பெயர்தான் இன்றைக்கும்.

அந்த ஊரில் டாக்டராக இருந்தார் நத்தானியேல் ஸ்கடர். 1752-ல் அவர் கல்யாணம் செய்துகொண்டது ஸ்காட்டிஷ் வம்சத்துப் பெண்ணான இசபெல்லாவை. மாமனார் பெயர் கென்னத் ஆண்டர்சன். (வேட்டைக் கதைகள் எழுதிய பெங்களூரு கென்னத் ஆண்டர்சன் வேறு. குழப்பிக்க வேண்டாம்.) சுதந்திரப் போர் வந்ததும் டாக்டர், உள்ளூர்ப் படையில் கர்னல் ஆனார். காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்தார். 1781 அக்டோபரில் ஆங்கிலேயர் ஆதரவுப் படையோடு நடந்த சண்டையில் சுடப்பட்டு இறந்தார். அந்தக் காங்கிரஸ் உறுப்பினர்களில் சண்டையிலேயே உயிர்விட்டவர் இவர் ஒருவர்தான். டென்னன்ட் சர்ச் கல்லறையில்தான் இவரைப் புதைத்தார்கள்.

நத்தானியேலின் பேரன் ஜான். அவரும் டாக்டர். நியூயார்க்கில் ஓஹோ என்று பிராக்டீஸ். ஒருநாள் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில், சும்மா கிடந்த ஒரு மதப் பிரசுரத்தை எடுத்துப் படித்தார். அவ்வளவுதான், ஆள் மாறிவிட்டார். 1819-ல் குடும்பத்தோடு கப்பலேறி இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம், அப்புறம் 1836-ல் மெட்ராஸ். மகன்களில் ஏழு பேர் மிஷனரி ஆனார்கள். அதில் ஒருவரான இன்னொரு ஜானும் டாக்டர். அவருடைய ஒரே மகள்தான் ஐடா. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார்.

இந்த வம்ச வரிசையைப் பார்த்தால், ஐடாவும் டாக்டரானதில் என்ன ஆச்சர்யம் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால், அவருக்கு இந்தக் குடும்பத் தொழிலே வேண்டாம் என்றிருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள் சாவதைச் சின்ன வயசிலேயே பார்த்தவர். அமெரிக்காவுக்குப் போனபின் அப்பாவும் அம்மாவும் அவரை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்ப, அந்த ஏக்கத்தோடு வளர்ந்தவர். படிப்பு, நல்ல கல்யாணம், அமெரிக்காவிலேயே செட்டில். அதுதான் அவர் போட்ட பிளான்.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கிளம்பிவிடும் எண்ணம். அங்கேதான் அந்த ராத்திரி. ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு சாதி இந்து. மூன்று பேருக்கும் பிரச்னை ஒன்றேதான். பிரசவ வலியில் மனைவி துடிக்கிறாள், ஐடா வர வேண்டும். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப்போங்கள் என்றார் ஐடா. மூன்று பேருமே மறுத்தார்கள். ஆம்பளை டாக்டர் தொடக் கூடாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். கொள்ளுத்தாத்தாவின் அப்பா டாக்டர். தாத்தா டாக்டர். அப்பா அதே வீட்டில், பக்கத்து ரூமில் இருக்கிறார். அத்தனை பேரும் ஆண்கள். அந்த ராத்திரிக்கு இரண்டு கண்டம் தாண்டி வந்த அந்தக் குடும்பத்தின் மொத்த அனுபவமும் பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை. ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது பரம்பரைப் பெருமை இல்லை, அந்தப் பரம்பரையில் இருந்த ஓட்டைதான் என்று எனக்குப் படுகிறது.

திரும்ப அமெரிக்கா போனார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்த முதல் பேட்ச்சில் படித்து 1899-ல் பட்டம். ஆஸ்பத்திரி கட்ட ஒரு பேங்கர், இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900 ஜனவரியில் வேலூர் வந்தார். அப்பாவிடம் தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். சில மாதங்களில் அப்பா இறந்துவிட்டார். தனியாளாக, பங்களாவின் ஒரு ரூமில் வைத்தியம் ஆரம்பம். 1902-ல் ஷெல் ஆஸ்பத்திரி. அப்புறம் மாட்டு வண்டியிலும் காரிலும் ஊர் ஊராகப் போய் ரோட்டோர வைத்தியம். 1918-ல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி. மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிசயம் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். 151 விண்ணப்பங்கள் வந்தன. 17 பெண்கள் சேர்ந்தார்கள். அங்கே ஆண்கள் படிக்க வந்தது 1947-ல்தான்.

அதற்கு முந்தைய வருடமே ஓய்வு பெற்று, ஐடா கொடைக்கானல் ஏறிவிட்டார். கொடைக்கானலில் 1845-ல் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியவர்களும் அமெரிக்க மிஷனரிகள்தான், மதுரையிலிருந்து காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து ஏறியவர்கள். ஐடா அங்கே சும்மா உட்காரவில்லை. 80 வயது தாண்டியும் டென்னிஸ் ஆடினார்.

1960-ல் அவர் உடலை மலையிலிருந்து இறக்கி வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் அடக்கம்.