எழும்பூரில் ஒரு மணற்பள்ளி: ஆண்ட்ரூ பெல் ஜீவிய சரித்திரம்



ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் பாடம் நடத்திப் பழகுவதற்காக ஆரம்பப் பாடசாலைகளுக்கு வரும் மாதங்களில் இரண்டு விதமான முறைப்பாடுகள் என் காதில் விழுவது வழக்கம். சிறு பிள்ளைகளின் தாய் தகப்பன்மார், இன்னும் தானே படித்து முடிக்காத ஒரு பெண்ணிடம் எங்கள் குழந்தையை ஒப்படைக்கிறார்களே என்று வருத்தப்படுகிறார்கள். பயிற்சியில் இருப்பவர்களின் பெற்றோரோ, பணம் கட்டிப் படிக்க அனுப்பினால் பள்ளிக்கூடத்தில் சும்மா வேலை வாங்குகிறார்களே என்கிறார்கள். இவ்விரு சாராருக்கும் மறுமொழி வைத்திருக்கும் ஒருவருடைய சரித்திரத்தை இவ்வாரம் எழுதுகிறேன். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்ல, ஆங்கிலிக்கன் சபைக் குரு. அர்ச்சியசிஷ்டருமல்ல, அவரிடம் இருந்த குறைகளைப் போகப் போகக் காண்பீர்கள். ஆயினும் அவர் செய்த பெரிய காரியம் நம் வேடந்தாங்கலுக்கு ஏறக்குறைய ஐம்பது மைல் தூரத்தில், எழும்பூரில் நடந்தது.

ஆண்ட்ரூ பெல் என்பவர் ஸ்காட்லாந்து தேசத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-ம் வருஷம் மார்ச் மாதம் 27-ந் தேதி பிறந்தார். தகப்பனார் நாவிதத் தொழில் செய்தவர். யந்திர வேலைகளிலும் சாமர்த்தியசாலி. சிறுவன் ஆண்ட்ரூ படிப்பில் கெட்டிக்காரன்தான். ஆனால் அக்காலத்துப் பள்ளிக்கூடத்தில் பிரம்படி ஓயாது; நடுங்காமல் ஒரு நாளும் அவன் பள்ளிக்குப் போனதில்லை. இதை மறவாதிருங்கள். பிற்காலத்தில் அவர் பள்ளி நடத்திய விதத்துக்கு இந்தப் பயமே ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சர்வகலாசாலைப் படிப்பு முடிந்ததும், 1774-ல் அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவுக்குப் போய், அங்கே தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்கு வீட்டு உபாத்தியாயராக இருந்தார். 1781-ல் திரும்பி வருகையில் கப்பல் உடைந்து, உயிர் தப்பியதே பெரிதாயிற்று. பிறகு குருப்பட்டம் பெற்று, 1787-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கல்கத்தாவுக்கு என்று புறப்பட்டவர் சென்னைப் பட்டணத்திலேயே தங்கிவிட்டார். பட்டாளங்களுக்குக் குருவாக நியமனம் கிடைத்தது. ஒரு பட்டாளத்துக்கு அல்ல, பல பட்டாளங்களுக்கு ஒரே சமயத்தில்! ஒவ்வொன்றுக்கும் தனிச் சம்பளம். பணம் சேர்ப்பதில் பெல் அவர்கள் ஒரு நாளும் பின்வாங்கியவரல்ல.

1789-ல் கும்பனியார் ஆட்சியில், எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கென்று ஓர் ஆசிரமம் ஏற்பட்டது. ஐரோப்பிய சோல்ஜர்களுக்கும் இந்நாட்டு ஸ்திரீகளுக்கும் பிறந்து, தகப்பனை இழந்தோ கைவிடப்பட்டோ தெருவில் நின்ற சிறுவர்கள் அவர்கள். இரு பக்கத்தாரும் அவர்களைத் தங்களவர் என்று சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. அப்பிள்ளைகளுக்கு மேற்பார்வையாளராக இருக்கப் பெல் சம்மதித்தார். அதற்குரிய சம்பளத்தை மட்டும் வேண்டாமென்று மறுத்துவிட்டார். காசில் கருத்தான மனிதர் இந்த ஓர் இடத்தில் கையை விரித்தார் என்பது கவனிக்கத் தக்கது.

பள்ளியோ மோசமான நிலையில் இருந்தது. சம்பளத்துக்கு வந்த உபாத்தியாயர்களுக்குக் கற்பிக்கவும் தெரியவில்லை, கற்றுக்கொள்ளவும் மனமில்லை. சிரமப்பட்டு ஒருவரைப் பழக்கினால், தேர்ந்த உடனே அவர் அதிகச் சம்பளம் தேடி வேறிடம் போய்விடுவார். அரிச்சுவடி வகுப்புப் பிள்ளைகள் மாதக்கணக்காக அதே எழுத்துக்களில் நின்றார்கள்.

இந்த நிலையில், ஒரு நாள் காலையில் பெல் குதிரைமேல் போகும்போது, வழியில் நம்மவர்களுடைய பள்ளிக்கூடம் ஒன்றைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபார்காரர் என்றே சொல்வார்கள். ஆகையால் அவருடைய சரித்திரத்தில் அது மலபார் பள்ளிக்கூடம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, எதிரே பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் எழுத்துக் கற்றார்கள். மணலில் எழுதிக் கை திருந்திய பிறகே ஓலையும் எழுத்தாணியும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. வாத்தியார் எல்லோருக்கும் தாமே சொல்லிக்கொடுக்க மாட்டார். முந்திப் படித்த பையன் சட்டாம்பிள்ளை. அவன் சின்னவர்களுக்கு முறை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கோதண்டம் போட்டுத் தண்டிக்கிற வழக்கமும் அங்கே உண்டு. பெல் முந்தியவற்றை எடுத்துக்கொண்டு, தண்டனையை விட்டுவிட்டார்.

அவர் நேரே ஆசிரமத்துக்குத் திரும்பி, அரிச்சுவடி வகுப்பு உபாத்தியாயரிடம் ஆங்கில எழுத்துக்களை மணலில் கற்பிக்கும்படி சொன்னார். அது நடவாத காரியம் என்று பதில் வந்தது. அப்பொழுது பெல் ஒரு சிறுவன் பக்கம் திரும்பினார். அவன் பெயர் ஜான் பிரிஸ்கென். ஒரு சாதாரண சோல்ஜருடைய மகன், வயது எட்டு. உபாத்தியாயர் முடியாதென்ற வேலையை அவன் செய்து காட்டினான். உடனே அந்த வகுப்பே அவன் பொறுப்பில் விடப்பட்டது.

ஒரு வகுப்பில் பலித்தது மற்ற வகுப்புகளுக்கும் பரவிற்று. ஒவ்வொரு வகுப்புக்கும் பிள்ளைகளிலேயே ஒரு போதகன், அவனுக்குக் கீழ் உதவிப் போதகர்கள். எல்லோரும் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள். சில வருஷங்களில் ஆசிரமத்தில் ஏறக்குறைய இருநூறு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும் பங்கினரைப் பிரிஸ்கெனும் அவன் பழக்கிய பையன்களுமே நடத்தினார்கள். பிரம்பு மூலையில் கிடந்தது. குற்றம் செய்தவன் பெயரை ஒரு கறுப்புப் புஸ்தகத்தில் எழுதி, வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளே கூடி விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். மாதக்கணக்காக ஒரு தண்டனையும் தேவைப்படாமல் பள்ளி நடந்ததாகப் பெல் எழுதியிருக்கிறார். வில்லியம் ஸ்மித் என்னும் பதினேழு வயது மாணவன், 1794-ல் திப்பு சுல்தானிடம் அனுப்பப்பட்டு, சுல்தான் முன்னிலையில் விஞ்ஞானப் பரிசோதனைகள் செய்து காட்டித் திரும்பினான். தெருவில் நின்ற அநாதைகளில் ஒருவன் அவன்!

இங்கே ஒரு காரியத்தை அழுத்திச் சொல்லவேண்டும். எட்டு வயதுச் சிறுவன் தானாக உபாத்தியாயராகிவிடவில்லை. ஏழு வருஷமாகப் பெல் அந்த வகுப்புகளுக்குள்ளேயே இருந்தார். எந்தப் போதகன் எங்கே தடுமாறுகிறான் என்று பார்த்தார், திருத்தினார், ஒவ்வொரு வகுப்பும் அன்றாடம் எவ்வளவு படித்தது என்று கணக்கு எழுதுவித்தார். கற்பிக்கிற பையனும் அங்கே ஒரு மாணவனே. பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் தன் பாடம் தனக்கு உறுதிப்படுகிறது என்பதை அவர் கண்டறிந்தார்.

1796-ல் தேக அசௌக்கியத்தை முன்னிட்டு அவர் சென்னையை விட்டுப் புறப்பட்டார். அந்நாட்களில் செங்கற்பட்டுச் சீமைக்குக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரை. நம் ஏரியில் தங்கும் பறவைகளைக் காத்துக்கொள்ளும் உரிமையை 1798-ல் நம்மூரார் பெற்றது அவரிடத்தில்தான். பறவையைச் சுடாமல் விட்டால் நிலத்துக்கு உரம் என்று ஊரார் துரைக்குக் கற்பித்தார்கள். மணலில் எழுதலாம் என்று பட்டணத்துப் பிள்ளைகள் இன்னொரு துரைக்குக் கற்பித்தார்கள். ஏறக்குறைய ஒரே காலம்.

இங்கிலாந்து சேர்ந்த பெல், எழும்பூரில் நடந்ததை 1797-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1798-ல் லண்டனில் ஆல்ட்கேட் பகுதியிலுள்ள ஒரு பங்குப் பள்ளியில் இம்முறை கையாளப்பட்டது. ஜோசப் லங்காஸ்டர் என்னும் குவேக்கர் வாலிபரும் ஏறக்குறைய இதே முறையில் பள்ளி நடத்த, முதலில் கண்டது யார் என்று இரு கட்சியாருக்கும் பல வருஷம் வாக்குவாதம். நம் திண்ணை வாத்தியாரைக் கேட்டிருந்தால் இருவருக்குமே வேறு பதில் சொல்லியிருப்பார். 1811-ல் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக ஆங்கிலிக்கன் சபையார் தேசிய சங்கத்தை ஏற்படுத்தியபோது, பள்ளிகள் பெல்லின் மேற்பார்வைக்கு வந்தன. மறு வருஷம் லண்டனில் மத்திய பாடசாலை திறக்கப்பட்டது. நாட்டுப்புற ஊர்களிலிருந்து உபாத்தியாயர் வேலைக்கு வந்தவர்கள் முதலில் அங்கே சிறுவர்களோடு வகுப்பில் உட்கார்ந்தார்கள். பிறகு உதவி செய்தார்கள். அதன் பிறகே பாடம் நடத்தினார்கள். பள்ளிக்கூடமே பயிற்சிக்கூடம்.

நம் திருச்சபையில் இது புதிதல்ல. அர்ச்சியசிஷ்ட ஸ்நாபக அருளப்பர் தெ லா சால், பெல்லுக்கு நூறு வருஷம் முந்தியே, 1680-களில் பிரான்சில் ரீம்ஸ் நகரில் நாட்டுப்புற ஆசிரியர்களுக்கென்று பயிற்சி நிலையம் தொடங்கினார். பின்னர் பாரிசில் அமைத்த நிலையத்தோடு, பயிற்சி பெறுவோர் கற்பித்துப் பழக ஒரு பள்ளியும் இருந்தது. 1950-ல் 12-ம் பத்திநாதர் பாப்பானவர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக நியமித்தார்.

பெல்லின் முறைக்கு வந்த கேடு, அதன் மலிவினால் வந்தது. ஒரே உபாத்தியாயரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தலாம் என்றால் பணம் கொடுப்பவர்களுக்கு ஆசை பிறவாதா? எழும்பூரில் பெல் நின்ற இடத்தில் நிற்க ஆளில்லாத ஊர்களில், சிறுவன் தனக்கே அர்த்தம் தெரியாததைச் சின்னஞ்சிறுவனுக்கு உருப்போட்டுக் கொடுத்தான். பெல்லும் இதற்குப் பழியற்றவரல்ல. ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் வேண்டியதில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும் என்ற கருத்தும் அவருக்கு இருந்தது. திப்புவின் முன் நின்ற வில்லியம் ஸ்மித்தை உருவாக்கியவர் இப்படி எழுதியது எனக்குப் புரிகிறதில்லை. வயது ஏற ஏறக் கடுமையும் பிடிவாதமும் மிகுந்தன. 1800-ல் செய்த விவாகமும் பிரிவில் முடிந்தது.

அவர் காலத்துக்குப் பிறகு, 1846-ல், இங்கிலாந்து அரசாங்கம் வேறு ஏற்பாடு செய்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஐந்து வருஷம் பள்ளியில் பயிற்சி பெறுவார்கள்; தலைமையாசிரியர் தினமும் அவர்களுக்குத் தனியே பாடம் சொல்லவேண்டும்; பிள்ளைகளுக்கும் சிறு சம்பளம், அவர்களைப் பழக்கும் ஆசிரியருக்கும் சம்பளம். விட்டுப்போன மேற்பார்வையை விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள் என்று சொல்லலாம். நம் மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாகக் கணக்கெடுத்த கவர்னர் மன்றோ, 1826-ல் எழுதிய குறிப்பில், உபாத்தியாயர்களைப் பயிற்றச் சென்னையில் ஒரு பள்ளி வேண்டுமென்று கேட்டார். 1856-ல் தொடங்கிய அரசாங்க நார்மல் ஸ்கூலே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. இன்று இரண்டு வருஷ தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படுவது இந்த நெடிய வழியில்தான். ஆகையால் பயிற்சிப் பெண் உங்கள் குழந்தையின் வகுப்பில் நிற்பதைக் கண்டால், அவள் யார் என்று விசாரிக்குமுன், வகுப்பாசிரியர் அறையில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பயிற்சியில் உள்ள பிள்ளையின் பெற்றோரும், இன்று உன் பாடத்தை யார் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று சாயங்காலம் கேளுங்கள். ஒருவரும் பார்க்கவில்லை என்றால், அப்பொழுது முறையிட உங்களுக்கு நியாயம் உண்டு.

பெல் 1832-ம் வருஷம் ஜனவரி மாதம் 27-ந் தேதி செல்ட்டனாமில் மரித்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தில் 1,20,000 பவுனைக் கல்விக்கென்று எழுதி வைத்திருந்தார். அவருடைய பணத்தைக் கொண்டு, 1876-ல் எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூசிலும், ஆசிரியர்க்குக் கல்விமுறையைக் கற்பிக்கும் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. பிரிட்டனில் அவையே முதன்மையானவை. அவர் பிறந்த ஊரில் அவர் ஸ்தாபித்த பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயர். நம் பட்டணம் 1996-ல் அந்தப் பெயரை விட்டுவிட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பிள்ளைகள் இன்றும் மெட்ராசுக்குத்தான் படிக்கப் போகிறார்கள்.