டி. வி. சுந்தரம் ஐயங்கார்

டி. வி. சுந்தரம் ஐயங்கார் (மார்ச் 22, 1877 – ஏப்ரல் 28, 1955) தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். டி.வி.எஸ். தொழிற்குழுமத்தின் நிறுவனர். மதுரையை மையமாகக் கொண்டு பேருந்து, சரக்குந்துப் போக்குவரத்தை நடத்தினார். வண்டிகளை வாங்கி ஓட்டுவதோடு நில்லாமல், அவை வழியில் நின்றுவிடாதபடி பராமரிப்பதையும் பழுது நீக்குவதையும் உதிரிப் பாகங்கள் வழங்குவதையும் தனித் தொழில்களாக வளர்த்தெடுத்தது இவரது சிறப்பாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இவர் உருவாக்கிய டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்னும் கரிவாயுக் கருவி குறிப்பிடத்தக்கது.

பிறப்பும் இளமையும்

சுந்தரம் ஐயங்கார் திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடியில் பிறந்தார். திருக்குறுங்குடி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த வைணவத் தலமாகும். இவரது பெயரின் முன்னெழுத்துகளுள் முதலாவது இவ்வூரைக் குறிக்கும். தொடக்கத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். நிலையான வருவாய் தந்த இவ்வேலைகளை விட்டுவிட்டு, அக்காலத்தில் பலரும் ஐயத்துடன் நோக்கிய மோட்டார் தொழிலில் இறங்கினார்.

இவரது மனைவி லட்சுமி. இவர்களுக்கு ஐந்து மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தனர்.

பேருந்துத் தொழில்

டி.வி.எஸ். குழுமம் தன் தொடக்கத்தை 1911 ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கிய ஆண்டு 1912 என்றும் சில இடங்களில் குறிப்பிடப்படுகிறது. பின்னர் இப்போக்குவரத்து சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பேருந்துகளையும் சரக்குந்துகளையும் கொண்ட பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

அன்றைய தென்மாவட்டங்களில் இரயில் பாதையிலிருந்து விலகியிருந்த ஊர்களுக்கு மாட்டு வண்டியே பெரும்பாலும் துணை. மதுரையிலிருந்து திருமங்கலம், திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் செல்லும் சாலை, மலைக்கு அப்பால் திருவிதாங்கூரையும் தமிழ்நாட்டையும் இணைத்த வணிகப் பாதைகளுள் ஒன்றாகும். இத்தகைய பாதைகளில் பருத்தி, தானியம் முதலியவை மாட்டு வண்டிகளில் சென்றன. சாலைகள் பெரும்பாலும் கப்பி போட்டவை. கோடையில் புழுதியும் மழைக்காலத்தில் கரிசல் மண்ணின் சேறும் வண்டிகளுக்குப் பெரும் சோதனையாக இருந்தன.

மோட்டார் வண்டிகளும் அவற்றின் பாகங்களும் அப்போது அமெரிக்காவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் வரவேண்டியிருந்தன. ஒரு பாகம் உடைந்தால், கையிருப்பில் மாற்றுப் பாகம் இல்லாத வண்டி கப்பல் வரும்வரை கொட்டகையிலேயே நிற்கும். நின்ற வண்டி வருவாயை இழப்பதோடு, அதை நம்பிக் காத்திருந்த பயணிகளின் நம்பிக்கையையும் இழக்கும். ஆகவே பேருந்துத் தொழிலில் நிலைப்பதற்கு ஓட்டுநரைப் போலவே பட்டறையும் இன்றியமையாததாயிற்று.

நேரந்தவறாமையும் பராமரிப்பும்

டி.வி.எஸ். பேருந்துகள் நேரந்தவறாமைக்குப் பெயர் பெற்றவை. பேருந்து ஊரைக் கடந்து செல்வதைக் கொண்டு மக்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டனர் என்பது மதுரை வட்டாரத்தில் பரவலாக வழங்கும் செய்தியாகும்.

இந்நேர ஒழுங்குக்குத் தடையாக இருந்தவற்றுள் டயர் பஞ்சராவதும் ஒன்று. வண்டி மாடுகளின் குளம்பில் அடிக்கப்படும் லாடங்களிலிருந்து ஆணிகள் கழன்று சாலையில் விழும். அவை பேருந்தின் டயரில் ஏறிக் காற்றை இறக்கிவிடும். இதைத் தவிர்க்கக் காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கியெடுக்க ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது எனச் சொல்லப்படுகிறது. பழுது ஏற்பட்ட பின் சரிசெய்வதைவிட, அது ஏற்படும் காரணத்தை முன்கூட்டியே நீக்குவது என்ற அணுகுமுறைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் ரீட்ரெடிங் தொழிற்சாலை ஒன்றையும் சுந்தரம் ஐயங்கார் நிறுவினார். டயரின் உட்கூடு உறுதியாக இருக்கையில் தரையில் படும் மேற்பரப்பு மட்டுமே தேய்ந்திருந்தால், அதைச் சுரண்டி, புதிய இரப்பரை ஒட்டி, அச்சில் வைத்துச் சூடேற்றிப் பதப்படுத்தலாம். புதிய டயரின் விலையில் ஒரு பகுதிச் செலவிலேயே டயருக்கு மற்றொரு வாழ்நாள் கிடைத்துவிடும். 1942 இல் மலாயா சப்பானியர் வசமானபின் இரப்பர் உலகெங்கும் அரிதாயிற்று. அந்நிலையில் இம்முறையின் பயன் மேலும் கூடியது.

உதிரிப் பாக வணிகத்துக்காக மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், வாகன விற்பனைக்கும் பராமரிப்புக்குமாகச் சுந்தரம் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. சுந்தரம் மோட்டார்ஸ் 1950களில் ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் மிகப்பெரிய விநியோகஸ்தர்களுள் ஒன்றாக விளங்கியது.

போர்க்காலமும் கரிவாயுக் கருவியும்

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் படைகளின் தேவைக்கு ஒதுக்கப்பட்டது. 1942 இல் பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பேருந்துகளுக்குப் பங்கீட்டு முறையில் கிடைத்த பெட்ரோல் போதவில்லை. போக்குவரத்து முற்றிலும் நின்றுவிடும் நிலை உருவானது. இச்சூழலில் சுந்தரம் ஐயங்கார் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கருவியை வடிவமைத்துத் தயாரித்தார்.

கரிவாயுக் கருவியின் தத்துவம் எளியது. வண்டியுடன் இணைத்த உருளையில் மரக்கரியை நிரப்பி, குறைந்த அளவு காற்றை மட்டும் செலுத்தி எரித்தால், கரி முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் எரியக்கூடிய வாயு உண்டாகும். அதைக் குளிரவைத்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் செலுத்தினால், பெட்ரோலுக்குப் பதிலாக அது எரிந்து வண்டியை இயக்கும்.

நடைமுறையில் இதனால் பல இடர்கள் இருந்தன. இவ்வாயுவில் பெரும் பகுதி எரியாத நைட்ரசன் ஆதலால் எஞ்சினின் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. மேடுகளில் வண்டி திணறியது. காலையில் புறப்படுமுன் கரியைப் பற்றவைத்துக் காற்றாடியைச் சுழற்றி வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். வடிகட்டியை ஒழுங்காகத் துடைக்காவிட்டால் சாம்பல் எஞ்சினுக்குள் சென்று சிலிண்டரைத் தேய்த்துவிடும். கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு என்பதால் கசிவு உயிருக்கே ஆபத்தாகும். பட்டறை ஒழுங்கு இல்லாதவர்களுக்கு இக்கருவி பயன் தந்திருக்காது. முறையாகப் பராமரித்தோர் இதன் உதவியால் போர்க்காலத்திலும் வண்டிகளை ஓட்டினர். போர் முடிந்து பெட்ரோல் மீண்டும் கிடைக்கத் தொடங்கியதும் கரிவாயு வண்டிகள் மறைந்தன.

குடும்பமும் மகள் சௌந்தரமும்

இவரது மகள் டி. எஸ். சௌந்தரம் (1904–1984) இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்கள் வீட்டுக்குள் முடங்கியிருந்த அக்காலத்தில், அவர் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936 இல் மருத்துவரானார். பின்னர் காந்தியவாதியான ஜி. இராமச்சந்திரனை மணக்க விரும்பினார். பெற்றோர் இதை ஏற்கவில்லை. காந்தியின் அறிவுரைப்படி இருவரும் ஓராண்டு பிரிந்திருந்து, தம் முடிவில் மாறாததால் 1940 இல் காந்தியின் முன்னிலையில் மணம் புரிந்தனர். தொழிலில் புதுமையைத் தயங்காது ஏற்ற குடும்பத்துக்கும் சாதி, மொழி கடந்த மறுமணம் எளிதாக இருக்கவில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. சௌந்தரம் இராமச்சந்திரன் 1947 இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். பிற்காலத்தில் நடுவண் அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார்.

இறுதிக் காலம்

சுந்தரம் ஐயங்கார் தொழில் பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். ஏப்ரல் 28, 1955 அன்று கொடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் தமது 78 ஆம் வயதில் காலமானார்.

அவர் மறைந்த காலம் இந்திய மோட்டார் தொழிலில் ஒரு திருப்புமுனையாகும். வெளிநாட்டுப் பாகங்களை இங்கு வெறுமனே பூட்டித் தரும் நிறுவனங்களுக்கு இடமில்லை என இந்திய அரசு 1953 இல் முடிவெடுத்தது. அதனால் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வாகனம் பூட்டுவதை நிறுத்தியது. இறக்குமதியை நம்பிய வணிகம் இனி நிலைக்காது என்ற நிலை ஏற்பட்டது. டி. எஸ். ராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகிய மகன்கள் பாகங்களை இங்கேயே தயாரிக்கும் தொழிலுக்குத் திரும்பினர். சக்கரங்களுக்கு வீல்ஸ் இந்தியா, மின் பாகங்களுக்கு லூகாஸ்-டி.வி.எஸ்., தடை அமைப்புகளுக்குச் சுந்தரம்-கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா, திருகாணி வகைகளுக்குச் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் என 1960களில் பல தொழிற்சாலைகள் எழுந்தன.

டீசல் வண்டிகளின் வருகை

1950களில் டாட்டா, அசோக் லேலண்டு நிறுவனங்களின் டீசல் வண்டிகள் பெட்ரோல் வண்டிகளின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. அழுத்தத்தால் சூடான காற்றில் எரிபொருள் நுண்துளி வழியே பீச்சப்பட்டுத் தானே எரிகிறது. இதனால் எரிபொருள் செலவு குறையும். ஆனால் டீசலில் கலந்த நீரும் தூசியும் பம்பையும் நாசிலையும் விரைவில் கெடுத்துவிடும். காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி, எஞ்சின் ஆயில் ஆகியவற்றை உரிய தொலைவில் மாற்றுவதும், வடிகட்டியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடிப்பதுமே இவ்வண்டிகளின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. இராஜபாளையத்திலிருந்து நூலும் துணியும் மாம்பழமும், திருவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாவும் ஏற்றிச்செல்லும் இன்றைய சிறிய டீசல் சரக்கு வண்டிகளுக்கும் இது பொருந்தும். கரிவாயு வண்டியின் வடிகட்டிக்குத் தேவைப்பட்ட அதே கவனம் இங்கும் தேவைப்படுகிறது.

மரபு

1972 இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாக்கப்பட்டபோது டி.வி.எஸ். பேருந்துகள் அரசுடைமையாயின. அக்கழகம் பிற்காலத்தில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டமாயிற்று. பேருந்துகள் கைமாறிய பின்னும், அவற்றை ஓட வைக்கத் தோன்றிய பட்டறை, உதிரிப் பாக, பாகத் தயாரிப்புத் தொழில்கள் குழுமத்திடமே தங்கி வளர்ந்தன. மதுரையிலுள்ள டி.வி.எஸ். நகர் இவரது பெயரை நினைவூட்டுகிறது.