விழுங்கணுக்களைக் கண்ட அறிஞர்

காலில் முள் தைத்தால், தைத்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் வெப்பமாக இருக்கிறது. முள்ளை எடுக்காமல் விட்டால் இரண்டொரு நாளில் அங்கே சீழ் கட்டுகிறது. இஃது யாவரும் அறிந்ததே. ஆனால், அவ்வீக்கம் நோயின் வேலையா, நோயைத் தடுக்க முயலும் உடலின் வேலையா என்று கேட்டால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவர்களுள் பெரும்பாலோர் அது நோயின் வேலையே என்று விடை கூறியிருப்பர். அவ்விடை பிழை எனக் காட்டியவர் மருத்துவர் அல்லர். கடலில் வாழும் சிற்றுயிர்களை ஆராய்ந்துவந்த விலங்கியல் அறிஞர் ஒருவர். அவர் பெயர் இலியா மெச்சினிக்கோவ்.

மெச்சினிக்கோவ் 1845 ஆம் ஆண்டு மே மாதத்தில் பிறந்தார். அவர் பிறந்த சிற்றூர், அந்நாளில் உருசியப் பேரரசிற்கு உட்பட்டிருந்ததும் இன்று உக்ரேன் நாட்டைச் சேர்ந்ததுமான கார்க்கோவ் நகரை அடுத்து இருந்தது. தந்தையார் படைத்துறையில் பணியாற்றியவர். தாயார் மகனுடைய அறிவு வேட்கையை உணர்ந்து ஊக்கியவர். ஓரிடத்தில் நில்லாது ஓடித் திரிந்தமையால் வீட்டார் அச்சிறுவனைப் பாதரசம் என்று அழைத்தனர். ஆயினும் செடிகொடிகளையும் பூச்சிகளையும் கண்டால் அவன் அங்கேயே நின்றுவிடுவான். தான் அறிந்தவற்றை உடன்பிறந்தார்க்கும் பிற சிறுவர்க்கும் விரிவுரையாற்றுவான். அவர்கள் எழுந்து போய்விடாதிருக்கத் தன் கைக்காசைக் கொடுத்து அமர்த்துவான்! கார்க்கோவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளில் முடிக்க வேண்டிய படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்து, 1864 இல் வெளிவந்தான் அவ்விளைஞன்.

பின்னர் அவர் செருமானிய நாட்டுக்கும் இத்தாலிக்கும் சென்று கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்தார். 1865 ஆம் ஆண்டில் தட்டைப்புழு ஒன்றை ஆராய்கையில், அதன் உடலிலுள்ள அணுக்கள் உணவைத் தம்முள்ளேயே இழுத்துச் செரிப்பதைக் கண்டார். அன்று அது சிறு செய்தியாகவே தோன்றியது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அதுவே பெரும் பயன் தந்தது.

இடைப்பட்ட ஆண்டுகள் துன்பம் மிகுந்தவை. 1869 இல் அவர் உலூத்மிலா என்னும் நங்கையை மணந்தார். அப்பொழுதே அம்மையார் என்புருக்கி நோயால் மெலிந்திருந்தார். மணநாளில் அவரை நாற்காலியில் வைத்தே கோயிலுக்குத் தூக்கிச் சென்றனர். மனைவியைக் காக்க மெச்சினிக்கோவ் இரவும் பகலும் உழைத்துப் பொருள் ஈட்டினார். வெப்ப நாடுகளுக்கு அழைத்துச் சென்றார். எதுவும் பயன்தரவில்லை. 1873 இல் மதெய்ராத் தீவில் அம்மையார் காலமானார். நுண்ணோக்கியில் ஓயாது பார்த்துப் பார்த்து மெச்சினிக்கோவின் கண்களும் பழுதுற்றிருந்தன. வாழ்வையே அவர் வெறுத்த காலம் அது. ஓதெசா நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியபொழுது, 1875 இல் ஒல்கா என்பவரை மணந்தார். இவரே பின்னாளில் கணவரின் ஆராய்ச்சிக்குத் துணையாக இருந்து, அவர் வரலாற்றையும் எழுதியவர்.

1881 இல் உருசியப் பேரரசர் கொல்லப்பட்டார். அதன்பின் பல்கலைக்கழகங்களில் குழப்பமும் அடக்குமுறையும் மிகுந்தன. மனம் வெறுத்த மெச்சினிக்கோவ் 1882 இல் பதவியைத் துறந்து, மனைவியுடனும், பெற்றோரை இழந்து நின்ற அவருடைய தம்பி தங்கையருடனும் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரத்தை அடைந்தார். பதவியும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. வீட்டுக் கூடத்தில் ஒரு நுண்ணோக்கி மட்டும் இருந்தது. எதிரே கடல் இருந்தது.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், பழக்கிய குரங்குகளின் ஆட்டத்தைக் காண வீட்டார் அனைவரும் சர்க்கசுக்குச் சென்றிருந்தனர். மெச்சினிக்கோவ் மட்டும் தனியே அமர்ந்து நட்சத்திர மீனின் இளவுயிர் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். நட்சத்திர மீன் உண்மையில் மீன் அன்று; முள்தோல் உடைய கடலுயிர். முட்டையினின்று வெளிவரும் அதன் இளவுயிர் கண்ணாடி போலத் தெளிவான உடல் உடையது. ஆதலால் அதனை அறுக்காமலே, அது நீந்திக்கொண்டிருக்கும்பொழுதே உள்ளுறுப்புக்களைக் காணலாம். அவ்வுடலினுள் சில அணுக்கள் ஓரிடத்தில் நில்லாது ஊர்ந்து திரிந்தன. பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென ஓர் எண்ணம் பிறந்தது: இவ்வணுக்கள் உணவை விழுங்குவது போல, உடலினுள் புகும் பகைப் பொருளையும் விழுங்கி உயிரைக் காக்கின்றனவோ? அவ்வாறாயின், இவ்வுயிரின் உடலில் முள்ளொன்றைச் செருகினால் அணுக்கள் வந்து அம்முள்ளைச் சூழ வேண்டுமே!

அவரால் இருக்கையில் இருக்க முடியவில்லை. அறையில் உலவினார்; கடற்கரைக்குச் சென்று வந்தார். வீட்டின் சிறு தோட்டத்தில், சிறுவர்களின் கிறித்துமசு விழாவுக்காக ஆரஞ்சு இனத்துச் சிறுமரம் ஒன்றை அணிசெய்திருந்தனர். அத்தோட்டத்து ரோசாச் செடியிலிருந்து சில முட்களைப் பறித்துவந்து இளவுயிர்களின் தோலின்கீழ் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் நுண்ணோக்கியில் கண் வைத்தார். முள்ளைச் சுற்றி ஊர்திரி அணுக்கள் கூட்டமாகத் திரண்டு மொய்த்திருந்தன. இளவுயிரின் உடலிலோ குருதிக் குழாய் இல்லை. ஆகவே அணுக்கள் பிறிதொன்றால் தள்ளப்பட்டு வரவில்லை, தாமாகவே வந்திருந்தன.

அடுத்த ஆண்டில் செருமானிய நோயியல் பேரறிஞர் விர்கோ மெசினாவுக்கு வந்தார். மெச்சினிக்கோவ் தாம் கண்டவற்றை அவருக்குக் காட்டினார். விர்கோ பாராட்டினார், ஆயினும் எச்சரிக்கையாக இருக்குமாறு அறிவுறுத்தினார். காரணம் இது. நோயால் இறந்தவர்களின் உடற்பகுதிகளை மெல்லியதாகச் சீவி, நிறமூட்டி ஆராய்ந்த மருத்துவர்கள், வெள்ளையணுக்களினுள்ளே கிருமிகள் இருத்தலை முன்னரே கண்டிருந்தனர். கண்டு அவர்கள் கொண்ட முடிபு வேறு. கிருமிகள் வெள்ளையணுக்களினுள் வசதியாகக் குடிபுகுந்து, அவற்றின் வழியாகவே உடலெங்கும் பரவுகின்றன என்று அவர்கள் கருதினர். இறந்த அணு பேசாது. அதன் வயிற்றில் இருக்கும் கிருமி விருந்தினனா, இரையா என்பதை அதனைப் பார்த்து அறிய இயலாது. உயிருள்ள அணுவை நேரம் செல்லச் செல்லப் பார்த்துக்கொண்டிருந்தாலன்றி அதனை அறிதல் அரிது. மெச்சினிக்கோவின் வெற்றி முழுவதும் இவ்வொரு வேறுபாட்டில் அடங்கியிருந்தது.

வியன்னா நகரத்து விலங்கியல் பேராசிரியர் கிளவுசு என்பவரின் துணையால், இவ்வணுக்களுக்கு விழுங்கும் அணு என்னும் பொருளுடைய கிரேக்கப் பெயர் சூட்டப்பட்டது. அடுத்து மெச்சினிக்கோவ் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை ஆராய்ந்தார். குளத்து நீரில் துள்ளித் திரியும் இதன் உடலும் தெளிவானதே. ஊசி போன்ற கூரிய வித்துக்களை உடைய பூசணம் ஒன்று இதற்கு நோய் விளைப்பது. நீர்த்தெள்ளு உணவோடு அவ்வித்துக்களை விழுங்கும். அவை குடலைத் துளைத்து உடலினுள் நுழையும். உடனே விழுங்கணுக்கள் அவற்றைச் சூழ்ந்து கரைக்கும். அணுக்கள் வென்றால் நீர்த்தெள்ளு பிழைத்தது. பூசணம் வென்றால் நீர்த்தெள்ளு மடிந்தது. நோய் என்பது இரு படைகளின் போராட்டம் என்பதை மெச்சினிக்கோவ் கண்ணாரக் கண்டு 1884 இல் வெளியிட்டார்.

1886 இல் உருசியாவின் முதற் கிருமியியல் நிலையம் ஓதெசாவில் அமைந்தபொழுது, அதன் தலைமை அவருக்குக் கிடைத்தது. மருத்துவப் பட்டம் பெறாத ஒருவர் அப்பதவியில் இருத்தலை உள்ளூர் மருத்துவர்கள் விரும்பவில்லை. இடையூறுகள் பெருகவே, 1888 இல் அவர் பாரிசு நகரத்துக்குப் பெயர்ந்தார். முதியவரான லூயி பாஸ்டர் அவரை அன்புடன் வரவேற்றுப் புதிய பாஸ்டர் நிலையத்தில் ஆய்வுக்கூடம் அளித்தார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் மெச்சினிக்கோவ் அங்கேயே உழைத்தார்.

ஆனால் எதிர்ப்பு ஓயவில்லை. 1890 இல் பேரிங் என்ற செருமானியரும் கித்தசாத்தோ என்ற சப்பானியரும், குருதியின் தெளிநீரில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டு எனக் காட்டினர். அதன்பின், உடலைக் காப்பது குருதிநீரே, அணுக்கள் வெறுங் குப்பை பொறுக்கிகளே என்று பலர் வாதிட்டனர். மெச்சினிக்கோவ் மாநாடுதோறும் முகம் சிவக்க, தலைமயிர் கலைய எழுந்து நின்று விடையிறுத்தார். எதிரிகள் கொணர்ந்த ஒவ்வொரு சான்றையும் தம் கூடத்தில் மீண்டும் செய்து பார்த்தார். அவர் தம் கொள்கையை அளவு கடந்து வலியுறுத்தியதும் உண்டு. இருப்பினும் அவருடைய கூடத்திலேயே பணியாற்றிய போர்தே என்ற இளைஞர் குருதிநீரின் ஆற்றலை ஆராய்ந்து புகழ் பெற்றார் என்பது நினைக்கத்தக்கது. 1903 இல் ஆங்கில மருத்துவர் இரைட்டு, குருதிநீரில் உள்ள பொருள்கள் கிருமிகளின்மேல் படிந்து, விழுங்கணுக்கள் எளிதில் விழுங்குமாறு செய்கின்றன எனக் கண்டார். இரு கட்சியாரும் ஓரளவு உண்மை கூறியவரே ஆயினர். 1908 ஆம் ஆண்டு நோபெல் பரிசு, அணுக்களின் கட்சியினரான மெச்சினிக்கோவுக்கும் குருதிநீர்க் கட்சியினரான ஏர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதே டிசம்பர் மாத இறுதியில் மெசினா நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது.

முதுமையில் அவர், புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் மூப்பைத் தள்ளிப் போடும் என்று நம்பி நாள்தோறும் அதனைப் பருகிவந்தார். விழுங்கணுக்களுக்குக் கிடைத்த உறுதியான சான்று இதற்குக் கிடைக்கவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916 ஆம் ஆண்டு சூலை மாதத்தில், தம் 71 ஆம் வயதில், இதய நோயால் பாரிசில் காலமானார். அவருடைய சாம்பல் பாஸ்டர் நிலையத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டது.

விர்கோவின் முன் எழுந்த வினா, குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோயைப் பற்றிய இந்நாளைய ஆராய்ச்சியில் வேறு வடிவில் மீண்டும் எழுந்துள்ளது. இளங்குழந்தைகளுக்கு வரும் நரம்பணுப் புற்று, பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியில் தோன்றுவது. அக்கட்டியைச் சீவி நிறமூட்டிப் பார்த்தால், அதனுள் விழுங்கணுக்கள் காணப்படுவதுண்டு. அவை கட்டியை அழிக்க வந்தவையா? அன்றி அதன் வயப்பட்டு, அதன் வளர்ச்சிக்கே துணை செய்பவையா? சீவிய துண்டு இதற்கும் விடை தருவதில்லை. ஆகவே அறிஞர்கள் மெச்சினிக்கோவின் வழியையே நாடினர். தென்னாசிய நீர்நிலைகளுக்கு உரிய வரிக்குதிரை மீன் என்னும் சிறு மீனின் இளமீன் சில மில்லிமீட்டர் நீளமே உடையது. நட்சத்திர மீனின் இளவுயிரைப் போலவே தெளிவான உடல் உடையது. சொறிமீன் ஒன்றினின்று கண்டறியப்பட்ட பச்சை ஒளி வீசும் புரதத்தை, இவ்விளமீனின் விழுங்கணுக்களில் தோன்றுமாறு செய்கின்றனர். அப்புரதத்தைக் கண்டு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திய மூவர்க்கு 2008 இல் நோபெல் பரிசு கிடைத்தது. பிறகு, வேறு நிறத்தில் ஒளிரும் புற்றணுக்களை அம்மீனின் உடலில் செலுத்துகின்றனர்.

இருளில் பச்சைப் புள்ளிகளாக விழுங்கணுக்கள் ஊர்ந்து வருகின்றன. சில, புற்றணுவை அணைத்து விழுங்குகின்றன. சில, தொட்டுவிட்டு விலகிப் போகின்றன. தம்மை விழுங்கவேண்டா என்று உணர்த்தும் புரதம் ஒன்றைப் புற்றணுக்கள் பல தம் மேற்புறத்தில் தாங்கியிருத்தல் இப்பொழுது அறியப்பட்டுள்ளது. ஆயினும் அஃது ஒன்றே காரணம் அன்று. விலகிச் செல்லும் அணுக்களை ஆராய்ச்சியாளர் இன்னும் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.