ஜிம் தார்ப் சரித்திரம்

கல்லூரியின் பெயரால் ஆடுகளத்தில் இறங்கும் மாணவன் அக்கல்லூரிக்கு மாணவன் மாத்திரமா, அன்றி ஊழியனும் ஆவனா என்னும் வழக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பல்லாண்டுகளாக நடந்து வருகின்றது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையின் கால்பந்தாட்டக்காரர் தொழிற்சங்கம் அமைத்துக்கொள்ளத்தக்க ஊழியரே என்று சிகாகோ நகரிலிருந்த தொழிலுறவு வாரிய அதிகாரி ஒருவர் தீர்ப்புக் கூறினார். மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தலைமை வாரியம் அவ்வழக்கைக் கையேற்க மறுத்து, அம்மாணவர் ஊழியரா அல்லரா என்பதைச் சொல்லாமலே விடுத்தது. 2024-ஆம் ஆண்டில் டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்தாட்டக்காரருள் 13 பேர் சங்கம் வேண்டுமென்றும் 2 பேர் வேண்டாவென்றும் வாக்களித்தனர். அம்மனுவும் அவ்வாண்டின் இறுதி நாளிலே திரும்பப் பெறப்பட்டது. இவ்வழக்கின் வேர் எங்குளது என்று அறிய விரும்பும் மாணவ அன்பர், சட்டப் புத்தகங்களைப் புரட்டுமுன் ஒரு மனிதருடைய சரித்திரத்தைப் படித்தல் நலம். அவர் தம் வாழ்நாளில் ஆட்டக்காரர் சங்கம் எதிலும் சேர்ந்து வழக்காடியவரல்லர். அவருக்காக வழக்காடினாரும் அக்காலத்தில் இலர். அவர்தாம் ஜிம் தார்ப்.

இப்போது ஓக்லஹோமா என வழங்கும் நாட்டில், நம் பழைய பாட புத்தகங்களிற் செவ்விந்தியர் எனப்பட்ட அமெரிக்கப் பழங்குடி மக்களுள் ஸாக்-பாக்ஸ் என்னும் குலத்திலே, 1887-ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். குலத்தார் இட்ட பெயருக்கு ஒளிபெற்ற பாதை என்பது பொருள். உடன்பிறந்த இரட்டையனாகிய சார்லி சிறு வயதிலேயே நோயுற்று மாண்டான். அதன்பின் ஜிம்முக்குப் பள்ளியிற் கால் தரிக்கவில்லை. சேர்த்த பள்ளியினின்றும் ஓடிவருவதும், தந்தை மீண்டும் கொண்டுபோய் விடுவதுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. தாயும் இறந்தாள். 1904-ஆம் ஆண்டில், பென்சில்வேனியா மாகாணத்துக் கார்லைல் நகரிலிருந்த இந்தியர் தொழிற்பள்ளிக்கு அவர் அனுப்பப்பட்டார். அவ்வாண்டிலேயே தந்தையையும் இழந்தார்.

அப்பள்ளியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1879-ஆம் ஆண்டில், பிராட் என்னும் இராணுவ அதிகாரி, கைவிடப்பட்ட படைவீடு ஒன்றில் அதனைத் தோற்றுவித்தார். நெடுந்தூரத்து நாடுகளினின்றும் பழங்குடிப் பிள்ளைகளைக் கொணர்ந்து, தலைமயிரைக் கத்தரித்து, தாய்மொழியைப் பேசவொட்டாது விலக்கி, புதுப் பெயரிட்டு, பாதி நாள் படிப்பும் பாதி நாள் வேலையுமாக வளர்த்தனர். இடையிடையே அயலிலுள்ள பண்ணைகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்புவதும் கல்வியின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது. ஜிம்மும் அவ்வாறு பண்ணைகளில் உழைத்தார். அங்கே இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் 180-க்கு மேற்பட்டிருந்தன. இவற்றையெல்லாம் நன்மையென்று எண்ணியே செய்தனர் என்பர். அவ்வெண்ணம் அங்கு விளைந்த தீங்கைக் குறைப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

1907-ஆம் ஆண்டில் ஒரு நாள், வேலைக்குரிய உடையோடு மைதானத்தருகே சென்றுகொண்டிருந்த ஜிம், பயிற்சியாளர் எவராலும் தாண்டமுடியாது நின்ற 5 அடி 9 அங்குல உயரக் கோலை ஒரே தாவலில் தாண்டினார் என்று சொல்லுவர். செய்தி பயிற்சி ஆசிரியராகிய வார்னருக்கு எட்டியது. அன்றுதொட்டு ஜிம்முடைய வாழ்வு மாறியது.

கார்லைல் பெயரளவிற் கல்லூரியன்று. கால்பந்தாட்டத்திலோ ஹார்வர்ட் முதலிய பெருங்கலாசாலைகளோடு பொருதது. பந்தைக் கையில் ஏந்தி, எதிர்ப்பவரை மோதித் தள்ளி ஓடும் அந்நாட்டு ஆட்டம் அது. தன் ஊரிலே அக்குழு ஆடியது சொற்பம். பெருநகரங்களிற் பல்லாயிரவர் சீட்டு வாங்கிக் காணக்கூடுமாதலின், ரெயிலேறி ஊர்தோறும் சென்று ஆடியது. வாயிற்பணத்திற் பள்ளிக்குரிய பங்கு விளையாட்டு நிதியிற் சேர்ந்தது. பயிற்சி ஆசிரியரின் ஊதியமும் பள்ளியின் கட்டடங்கள் சிலவும் அதினின்றும் வந்தன. ஆடினவர்களுக்கோ தனி விடுதியும் நல்லுணவும் புத்தாடையும் கிடைத்தன. அவர்கள் அமெச்சூர்கள், அதாவது ஊதியத்துக்கன்றி விளையாட்டின் பொருட்டே ஆடுவோர். பொருள் பெற்றால் அவர்தம் தூய்மை கெட்டுவிடும் என்பது அக்காலத்து விதி. நிதியை வைத்திருந்தோருக்கு அவ்விதி இல்லை.

1909, 1910 ஆகிய இரண்டாண்டுக் கோடையிலும் ஜிம் தார்ப், வட கரோலினா மாகாணத்து ராக்கி மவுண்ட் என்னும் ஊர்க் குழுவிற் பேஸ்பால் ஆடிச் சொற்பப் பணம் பெற்றார். பிற கலாசாலை மாணவரும் கோடை விடுமுறையில் இவ்வாறே ஆடினர். ஆனால் அவருட் பலர் பொய்ப்பெயர் புனைந்துகொண்டனர். ஜிம்முக்கு அச்சூழ்ச்சி தெரியவில்லை. தம் சொந்தப் பெயராலேயே ஆடினார். பத்திரிகைகளிலும் அப்பெயரே வந்தது. பண்ணையிற் கூலிபெற்று உழைத்தல் கல்வி, களத்திற் கூலிபெற்று ஆடுதல் குற்றம் என்னும் நுட்பமான வேற்றுமையை அவருக்கு ஒருவரும் விளக்கவில்லை போலும்.

1911-ஆம் ஆண்டில் வார்னர் அவரை மீண்டும் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். அவ்வாண்டு ஹார்வர்ட் கலாசாலையைக் கார்லைல் 18-க்கு 15 என்னும் கணக்கில் வென்றது. காலில் ஊறுபட்டிருந்தும், கம்பங்களின் இடையே பந்தை நான்கு முறை உதைத்துச் செலுத்தியவர் தார்ப். மறு ஆண்டு இராணுவக் கலாசாலையை 27-க்கு 6 என்று தோற்கடித்தபோது எதிர்க்குழுவில் ஆடிய இளைஞர்களுள் ஐஸனோவரும் ஒருவர். அவரே பிற்காலத்திற் குடியரசுத் தலைவரானார்.

இவ்விரு வெற்றிகளுக்கும் இடையே நிகழ்ந்தது ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயம். 1912-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஐவகைப் போட்டியில் நான்கில் முதல்வராகவும் ஈட்டி எறிதலில் மூன்றாமவராகவும் வந்து தார்ப் தங்கப்பதக்கம் பெற்றார். பின்னர்ப் பத்துவகைப் போட்டி. ஓட்டம், தாண்டல், குண்டெறிதல், கோலூன்றித் தாண்டல் முதலிய பத்திலும் ஒருவனே வல்லவனாதல் எளிதன்று. தார்ப் 8,412 எண்கள் பெற்று, இரண்டாமவராகிய ஸ்வீடன் நாட்டு வீஸ்லாண்டரை மிகப் பின்னே நிறுத்தினார். தம் காலணிகள் காணாமற்போக, ஒன்றோடொன்று பொருந்தாத இரு காலணிகளை அணிந்து அவர் ஆடிய படம் இன்றும் உளது. ஸ்வீடன் மன்னர் தம் கையாலே பரிசளித்தார். நியூயார்க் நகரம் அவரை ஊர்வலமாக அழைத்துச் சென்றது.

ஆறு மாதம் சென்றது. 1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தார்ப் முன்பு பணத்துக்குப் பேஸ்பால் ஆடினார் என்று உஸ்டர் நகரத்துப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. அமெச்சூர் விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் ஸல்லிவன் விளக்கம் கேட்டார். தார்ப் ஒரு கடிதத்தில் யாவற்றையும் ஒப்புக்கொண்டார். தாம் ஆடியது பணத்தாசையால் அன்றென்றும், பிறரும் அவ்வாறு ஆடக் கண்டதாகவும், உலகியல் அறியாத பள்ளிப்பிள்ளையாகிய தம்மைப் பொறுத்தருளவேண்டுமென்றும் அக்கடிதம் வேண்டியது. அதனை உருவாக்கியதில் வார்னரின் கை உண்டு என்று ஆராய்ந்தோர் பலர் கருதுகின்றனர். வார்னரும் பள்ளித் தலைவர் பிரீட்மனும் தாங்கள் இதனை ஒருபோதும் அறியோம் என்றனர். இரண்டு கோடைக்காலம் தம் தலைசிறந்த ஆட்டக்காரன் எங்கே இருந்தான் என்பதை ஆசிரியர் அறியார் என்று நம்புவதற்கு மிகுந்த நல்லெண்ணம் வேண்டும்.

ஸ்டாக்ஹோம் பந்தயத்தின் விதிகளிலேயே, வென்றவர்மேல் ஆட்சேபம் இருப்பின் பந்தயம் முடிந்த 30 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும் என்று எழுதியிருந்தது. அக்கெடு எப்போதோ கடந்துவிட்டது. அதனை எடுத்துக்காட்டி வாதாட வேண்டியவர் யார்? பள்ளி தன் பெயரைக் காத்துக்கொண்டது. ஆசிரியர் தம் பெயரைக் காத்துக்கொண்டார். நாட்டுச் சங்கம் பிற நாட்டாரிடம் மன்னிப்புக் கேட்டது. பதக்கங்களும் பரிசுகளும் திருப்பி அனுப்பப்பட்டன. தார்ப்பின் பெயர் ஏட்டினின்றும் நீக்கப்பட்டு, நார்வே நாட்டுப் பீயும் ஸ்வீடன் நாட்டு வீஸ்லாண்டரும் முதல்வராக எழுதப்பட்டனர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்காலத்துச் சட்டப்படி பழங்குடியினர் அரசாங்கத்தின் காவலுக்கு உட்பட்டோர். தமக்குரிய நிலத்தின் குத்தகைப் பணத்தையும் அதிகாரியிடம் மனுச்செய்தே பெறவேண்டியிருந்தது. தம் பணத்தைத் தாமே ஆளும் அறிவில்லாதவரென்று அரசாங்கம் வைத்திருந்த ஒருவரை, பணம் பெற்ற குற்றத்துக்கு மாத்திரம் முழு அறிவுடையவராகக் கொண்டு தண்டித்தார்கள்.

1914-ஆம் ஆண்டில் அமெரிக்க சட்டசபையின் விசாரணைக் குழு கார்லைலுக்கு வந்தது. பள்ளியின் நிர்வாகமும் விளையாட்டு நிதியின் கணக்கும் ஆராயப்பட்டன. மாணவர் பலர் வார்னருக்கு எதிராகச் சாட்சி கூறினர். பிரீட்மன் பதவியிழந்தார். வார்னர் பிட்ஸ்பர்க் கலாசாலைக்குச் சென்று மேலும் புகழ் பெற்றார். 1918-ஆம் ஆண்டிற் பள்ளியே மூடப்பட்டது.

மாணவனை ஊழியனாக்கினால் படிப்புக் கெடும், ஆட்டம் பிசகிய அன்றே வேலையினின்றும் நீக்குவார்கள் என்று ஆசிரியர் பலர் கூறுவதை யாம் அறிவோம். அதனைப் பொருளற்றதென்று தள்ளிவிட முடியாது. எனினும் தார்ப்பின் வழக்கில், சம்பளம் ஒன்றைத் தவிர ஊழியத்தின் அடையாளங்கள் யாவும் இருந்தன; வேண்டியபோது வருவித்தார்கள், பொருளீட்டினார்கள், பழி வந்தபோது கைவிட்டார்கள். அவருக்குக் குறைவாயிருந்தது பணம் மாத்திரமன்று. கடிதம் எழுதும்போது பக்கத்தில் அமர்ந்து, 30 நாட் கெடுவை எடுத்துச்சொல்ல அவருடைய சகாக்கள் அமைத்த ஒரு சபை இருந்திருப்பின் அவர் சரித்திரம் வேறாயிருக்கும். இக்காலத்து மாணவர் சங்கம் கேட்பதன் கருத்தை யாம் அவ்விடத்திலேதான் காண்கின்றோம். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கலாசாலைகள் தம் ஆட்டக்காரருக்கு நேரே பணம் கொடுக்கலாம் என்னும் உடன்படிக்கையை நீதிமன்றம் ஒன்று ஏற்றது. எனினும் அவர் ஊழியரா என்னும் வினாவுக்கு அவ்வுடன்படிக்கை விடை கூறவில்லை.

பதக்கம் இழந்தபின் தார்ப் ஒளிவுமறைவின்றித் தொழிலாட்டக்காரரானார். 1913 முதல் 1919 வரை பெருங்குழுக்களிற் பேஸ்பால் ஆடினார். 1915-ஆம் ஆண்டிற் கான்டன் நகரத்துக் கால்பந்தாட்டக் குழு ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர் தருவதாக அவரை அழைத்தது. 1920-ஆம் ஆண்டில் அந்நகரத்து மோட்டார்க் கடை ஒன்றிற் குழுக்களின் உரிமையாளர் கூடித் தொழிற் கால்பந்தாட்டச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தபோது, புகழ்பெற்ற பெயராதலின் தார்ப்பையே முதல் தலைவராக்கினர். ஆட்டக்காரரின் ஊதியம் ஏறுவதைத் தடுப்பதும், படிப்பு முடியாத மாணவரைக் கூலிக்கு ஆட்டாதிருப்பதும் அவர்கள் கூடியதன் நோக்கங்களுட் சில. உழைப்பவருக்கன்று, உடையவருக்கு அமைந்த சங்கத்திற்கு அவர் ஓராண்டு தலைமை தாங்கினார்.

ஆட்டம் நின்றபின் வறுமை வந்தது. மண் வெட்டினார், சினிமாப் படங்களிற் கூட்டத்தில் ஒருவராக நின்றார். தம் வாழ்க்கைக் கதையைப் படமாக்கும் உரிமையை 1,500 டாலருக்கு விற்றார். 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்செல்ஸ் ஒலிம்பிக்கிற்குச் சீட்டு வாங்க அவரிடம் பணமில்லை என்னும் செய்தி பரவியது. பழங்குடி மரபினரும் அப்போது உதவித் தலைவருமாகிய கர்ட்டிஸ், தம் ஆசனத்தருகே அவரை இருத்திக்கொண்டார். கூட்டம் எழுந்துநின்று ஆரவாரித்தது. 1950-ஆம் ஆண்டிற் பத்திரிகை எழுத்தாளர் கூடி அவரை அந்நூற்றாண்டின் முற்பாதியிலே தலைசிறந்த விளையாட்டு வீரர் என்று தேர்ந்தெடுத்தனர். அடுத்த ஆண்டில் உதட்டுப் புற்றுநோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளவும் அவரிடம் பொருளில்லை. 1953-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் கலிபோர்னியாவில் மாரடைப்பால் இறந்தார்.

இறந்த பின்னும் அவர் பெயர் பிறருக்குப் பயன்பட்டது. பென்சில்வேனியாவில் நிலக்கரித் தொழில் குன்றி வாடியிருந்த இரு சிற்றூர்கள், அவர் மனைவியோடு உடன்படிக்கை செய்து அவ்வுடலைப் பெற்று, 1954-ஆம் ஆண்டில் ஒன்றாகி, ஜிம் தார்ப் என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டன. தந்தையைப் பிறந்த மண்ணில் அடக்கவேண்டுமென்று மக்கள் தொடுத்த வழக்கு 2015-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்ற வாயிலில் முடிந்துபோயிற்று. உடல் அங்கேயே உளது.

பதக்க வழக்கோ நெடிது சென்றது. 1912-ஆம் ஆண்டில் அதே போட்டிகளில் உடன் ஆடித் தோற்ற பிரண்டேஜ் என்பவர் 1952 முதல் 1972 வரை ஒலிம்பிக் குழுவின் தலைவராயிருந்தார். அவர் காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. 1982-ஆம் ஆண்டில், 30 நாட் கெடு கடந்தபின் எழுந்த ஆட்சேபம் செல்லாது என்னும் வாதத்தைக் குழு ஒருவாறு ஏற்றது. மறு ஆண்டு ஜனவரியில் அவர் மக்களிடம் பதக்கங்களின் படிகளைக் கொடுத்தது. மூலப் பதக்கங்கள் காட்சிசாலைகளினின்றும் முன்னமே களவுபோயின. அப்பொழுதும் தார்ப்பை மற்ற இருவரோடு சேர்த்துக் கூட்டு முதல்வராகவே எழுதினர். வீஸ்லாண்டரோ தமக்கு வந்த முதலிடத்தைத் தம் வாழ்நாளில் மனமார ஏற்றதில்லை. அவருடைய குடும்பத்தாரையும் ஸ்வீடன், நார்வே நாட்டுக் குழுக்களையும் கேட்டபின், 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இரு போட்டிகளிலும் முதல்வர் தார்ப் ஒருவரே என்று எழுதினார்கள்.