டாக்டர் இடா ஸ்கடர் அம்மையாரும் செவிலியர் பணியும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயாளி ஒருவர், நோய் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, அம்மருந்தை அருகிலிருந்து காலந்தவறாமல் கொடுத்துப் பேணுபவர் ஒருவர். இந்த நான்காமவரைத்தான் நாம் நர்சு என்றும் செவிலியர் என்றும் அழைக்கிறோம். வள்ளுவப் பெருந்தகை மருத்துவருக்கு இணையாக வைத்து எண்ணிய இவருக்கு, நம் நாட்டில் நெடுங்காலம் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. அந்த மதிப்பைத் தேடித் தருவதற்கு உழைத்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர், வேலூர் டாக்டர் இடா ஸ்கடர் அம்மையார்.

தருமபுரி வட்டாரத்தில் வேலூர் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் இருக்க முடியாது. அங்கே போய்ப் பிழைத்து வந்தவர்கள் டாக்டர்களைப் பற்றிச் சொல்வார்கள். கூடவே நர்சுகளைப் பற்றியும் சொல்வார்கள். அந்த நர்சுகள் எப்படி உருவானார்கள் என்பதை நம் பங்கு மக்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள், அறிந்துகொள்வது நலம்.

பிறப்பும் இளமையும்

இடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணப் பகுதியிலும், பின்னர் சென்னையிலும் மருத்துவப் பணி செய்தவர். தந்தையாரும் மருத்துவ ஊழியரே. இடா சிறுமியாக இருந்தபோது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சம் வந்தது. அக்காலத்தில் நம் தருமபுரியையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லாவும் அதில் பெருந்துன்பம் அடைந்தது. பசியால் வாடிய குழந்தைகளை இடா தம் கண்ணால் கண்டார்.

பின்னர் அவர் அமெரிக்காவில் வளர்ந்து கல்வி கற்றார். ஸ்கடர் குடும்பத்தார் பலரும் இந்தியாவுக்கே தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள். ஆயினும் இடாவுக்கு மட்டும் அந்த எண்ணம் இல்லை. அமெரிக்காவிலேயே வசதியாக வாழவேண்டும் என்பதே அவருடைய ஆசை. 1890இல் தாயார் நோயுற்றதால்தான் திண்டிவனத்துக்கு வந்தார். தாயாருக்கு உடல் தேறியதும் திரும்பிவிடுவது என்பது அவருடைய திட்டம்.

ஓர் இரவில் மூன்று அழைப்புகள்

திண்டிவனத்தில் ஓர் இரவு, ஒரு பிராமண இளைஞர் பங்களாவின் கதவைத் தட்டினார். அவருடைய மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரான தம் தந்தையை அனுப்புவதாக இடா சொன்னார். அந்நிய ஆண்மகன் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு வழக்கம் இடங்கொடாது என்று அவர் திரும்பிப் போய்விட்டார். சற்று நேரத்தில் ஓர் இஸ்லாமியர் அதே வேண்டுகோளோடு வந்து, அதே காரணத்தைச் சொல்லித் திரும்பினார். மூன்றாவதாக உயர்குலத்து இந்து ஒருவரும் வந்து போனார். மருத்துவம் அறியாத இடாவால் ஒன்றும் செய்ய இயலவில்லை. விடிந்ததும் தெருவிலே சாவுப்பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்தக் காலையில் இடாவின் வாழ்க்கை திசை மாறியது. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பெண்கள் சேர்க்கப்பட்ட தொடக்க காலம் அது. ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டும்படி 10,000 டாலர் நன்கொடை அளித்தார். அந்தப் பணத்தோடு 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இடா இந்தியா வந்து சேர்ந்தார்.

சமையற்கட்டிலிருந்து வந்த முதல் துணை

வந்த ஆண்டிலேயே தந்தையார் காலமானார். வழிகாட்ட ஆளில்லை. வேலூரில் தம் இல்லத்தின் சிறு அறையில், ஒரே ஒரு கட்டிலோடு இடா மருத்துவத்தைத் தொடங்கினார். முதலில் மக்கள் வரத் தயங்கினார்கள். பிறகு கூட்டம் பெருகியது. இரண்டே ஆண்டில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளுக்கு அவர் சிகிச்சை அளித்தார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது.

கட்டடம் எழும்பிவிட்டது. ஆனால் கூட நின்று வேலை செய்ய யார்? அறுவை சிகிச்சையின்போது கருவிகளை எடுத்துக் கொடுக்க, புண்ணைக் கழுவிக் கட்ட, காய்ச்சல்காரியின் தலைமாட்டில் இரவெல்லாம் கண்விழித்திருக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் இல்லை. வீட்டுச் சமையல் வேலைக்கு இருந்த சலோமி என்னும் பெண்ணையே இடா தம் முதல் உதவியாளராக ஆக்கிக்கொண்டார். கையைச் சுத்தமாகக் கழுவுவது முதல் மருந்து கலப்பது வரை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அடுப்படியில் நின்ற அந்தக் கைகள் அறுவை சிகிச்சையில் துணைநிற்கும் கைகளாயின. நல்ல செவிலியர் ஆவதற்குப் பிறப்போ குலமோ தேவையில்லை, பயிற்சியும் பொறுப்புணர்ச்சியும் இருந்தால் போதும் என்பதற்குச் சலோமியே சான்றாக விளங்கினார்.

1909இல் பிறந்த நர்சுப் பள்ளி

ஒரு சலோமி போதாது என்பது விரைவில் தெரிந்தது. 1909இல் வேலூரில் நர்சுப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பை இடா தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த தேர்ந்த நர்சான டெலியா ஹவுட்டன் அம்மையாரிடம் ஒப்படைத்தார். இதை நாம் கவனிக்க வேண்டும். நர்சுகளுக்குப் பாடம் சொல்லவும், அவர்களைக் கண்டிக்கவும், அவர்களுக்காகப் பரிந்து பேசவும் ஒரு நர்சே தலைவியாக இருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். செவிலியர் பணி மருத்துவத்தின் எடுபிடி வேலையன்று. தனக்கென அறிவும் ஒழுங்கும் தலைமையும் உடைய தனித் தொழில் என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது.

அக்காலத்தில் இது எளிதன்று. அந்நியர் உடம்பைத் தொடுவதும், இரத்தத்தையும் மலசலத்தையும் துடைப்பதும் தீட்டு என்று எண்ணப்பட்டன. வயது வந்த பெண் இரவில் வெளியே தங்கி வேலை செய்வதா என்று ஊர் பழித்தது. நர்சு வேலைக்குப் போன பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பதே அரிதாக இருந்தது. எனவே முதலில் துணிந்து வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களே. ஊர் இழிவு என்று ஒதுக்கிய வேலையை அவர்கள் தொண்டு என்று தழுவிக்கொண்டார்கள்.

ஆனால் தொண்டு மனம் மட்டும் நோயாளியைக் காப்பாற்றிவிடாது. மருந்தின் அளவு ஒரு சொட்டுக் கூடினாலும் கெடுதல். கருவிகளைச் சரியாகக் கொதிக்க வைக்காவிட்டால் புண் சீழ் வைக்கும். நாடித்துடிப்பு மாறுவதை நள்ளிரவில் கண்டு டாக்டரை எழுப்பத் தெரியாவிட்டால் விடியுமுன் உயிர் போகும். இவையெல்லாம் கற்றுத் தேற வேண்டியவை. அன்போடு அறிவும் சேர வேண்டும் என்பதே நர்சுப் பள்ளியின் நோக்கம்.

இடா வாரந்தோறும் கிராமங்களுக்குப் புறப்பட்டுப் போவதை வழக்கமாக்கினார். குடியாத்தம் செல்லும் சாலையில் மரநிழல்களில் நிறுத்தி நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். முதலில் மாட்டு வண்டி, பிறகு மோட்டார் வண்டி. இந்தச் சாலையோர மருத்துவத்துக்குப் பயிற்சி பெற்ற பெண்களும் உடன் சென்றார்கள். வார்டில் கற்றதை மரத்தடியில் செய்து பழகினார்கள்.

பெண்களுக்கு மருத்துவப் பள்ளி

1918இல் இடா பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மூன்று பெண்களாவது சேர வருவார்களா என்று அதிகாரிகள் ஐயுற்றனர். 151 விண்ணப்பங்கள் வந்தன! முதல் அணியில் படிப்பை முடித்த 14 பெண்களும் தேர்வில் தேறினார்கள். 1920இல் அரசாங்கம் அவருக்குக் கெய்சரி ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கியது.

அதே காலத்தில் செவிலியருக்கும் சட்டப்படியான இடம் வரலாயிற்று. 1926இல் சென்னை மாகாணத்தில் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. பயின்றவர் யார், பயிலாதவர் யார் என்பதைப் பதிவேடு காட்டியது. ஒரு தொழிலுக்குக் கௌரவம் வருவது இப்படித்தான். முறையான படிப்பு, தேர்வு, பதிவு, தன் தவறுக்குத் தானே பொறுப்பேற்றல் ஆகியவை சேர்ந்தால்தான் அது தொழில்.

பெரும் சோதனை

1938 வாக்கில் ஒரு பேரிடி விழுந்தது. பழைய எல்.எம்.பி. படிப்பை நிறுத்திவிட்டு எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு மட்டுமே நடக்கும் என்று மாகாண அரசு முடிவு செய்தது. கட்டடம், கருவி, பேராசிரியர் எல்லாம் பன்மடங்கு வேண்டும். இல்லையேல் பள்ளியை மூடவேண்டும். எழுபது வயதை எட்டிய இடா மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார்.

ஆண்களையும் சேர்த்துக்கொண்டு பல சபைகளும் கூட்டாக நடத்தும் கல்லூரியாக மாற்றினால் நிலையம் பிழைக்கும் என்ற யோசனை எழுந்தது. பெண்களுக்காகவே பொருள் கொடுத்து வந்த நெடுநாள் ஆதரவாளர் சிலர் அதை வன்மையாக எதிர்த்தனர். இடா மனம் வருந்தினாலும், தம் பழைய திட்டத்தைவிட நோயாளிகளின் நலனே பெரிது என்று முடிவு செய்து மாற்றத்துக்கு இசைந்தார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்புத் தொடங்கியது, 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். தாம் வளர்த்ததைத் தம் விருப்பப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடிக்காததும் ஒரு தலைமைப் பண்பே.

செவிலியருக்குப் பல்கலைக்கழகப் பட்டம்

1946ஆம் ஆண்டு செவிலியர் வரலாற்றில் மறக்கமுடியாத ஆண்டு. அவ்வாண்டு வெளியான போர் குழுவின் அறிக்கை, நாடு முழுவதிலும் ஏறத்தாழ 7,000 நர்சுகளே இருப்பதாகவும், 43,000 மக்களுக்கு ஒரு நர்சு என்பதே நிலைமை என்றும் எடுத்துக்காட்டியது. அதே 1946இல் வேலூரில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பி.எஸ்ஸி. நர்சிங் பட்டப்படிப்புத் தொடங்கியது. இந்தியாவில் இப்படிப்பை முதன்முதலாகத் தொடங்கியவை டில்லியும் வேலூருமே. சமையற்கட்டுச் சலோமி முதல் பல்கலைக்கழகப் பட்டதாரி வரை, 46 ஆண்டுகளில் செவிலியர் பணி ஏறிய படிகள் இவை. அதன் பயனாக நர்சுகளே நர்சுகளுக்கு ஆசிரியராகவும், வார்டு சிஸ்டராகவும், கண்காணிப்பாளராகவும், கல்லூரித் தலைவராகவும் உயரும் வழி திறந்தது.

அந்த ஆண்டிலேயே இடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி அந்நிலையத்தின் தலைமையை ஏற்றதைக் கண்டு மகிழும் பேறும் அவருக்கு வாய்த்தது. 1960ஆம் ஆண்டு மே மாதம், தமது 89ஆம் வயதில், கோடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த அம்மையாருக்கு நாடெங்கும் மகள்கள் இருந்தார்கள்.

நம் திருச்சபையில்

இடா அம்மையார் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவர் காலத்திலேயே நம் திருச்சபையிலும் இதே கவலை இருந்தது. அருட்சகோதரிகள் நோயாளிகளைப் பேணினாலும், பிரசவ மருத்துவத்தில் ஈடுபடுவதற்குத் திருச்சபைச் சட்டம் தடையாக இருந்தது. 1936இல் உரோமாபுரி வெளியிட்ட அறிவுறுத்தல் அத்தடையை நீக்கி, சகோதரிகள் முறையாகப் பயின்று தாய் சேய் நலப் பணி செய்ய வழி திறந்தது. அதற்கு முன்பே, 1920இல் ஆஸ்திரேலியாவிலிருந்து குண்டூருக்கு வந்த டாக்டர் சகோதரி மேரி குளோரி, திருத்தந்தையின் தனி அனுமதியோடு மருத்துவம் செய்து, உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கலக்கவும், பிரசவம் பார்க்கவும், நோயாளியைப் பேணவும் கற்றுக்கொடுத்தார். 1943இல் அவர் கூட்டிய சகோதரிகளின் சங்கமே, இன்று நாடு முழுவதும் கத்தோலிக்க மருத்துவ நிலையங்களை ஒன்றிணைக்கும் சங்கமாக வளர்ந்திருக்கிறது. சபைகள் வெவ்வேறாயினும் இரு பெண்மணிகளும் கண்ட உண்மை ஒன்றே: தாம் ஒருவராக ஆயிரம் பேரைக் குணமாக்குவதைவிட, குணமாக்கத் தெரிந்த நூறு பேரை உருவாக்குவது மேலானது.

நமக்கு என்ன சொல்கிறது?

நம் மாவட்டத்திலேயே இதற்கு உயிருள்ள எடுத்துக்காட்டு உண்டு. மலைகள் சூழ்ந்த சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993இல் ஒரு டாக்டர் தம்பதியர் சிறு குடிசையில் மருத்துவத்தைத் தொடங்கி, அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியர் பணிக்குப் பயிற்றுவித்தார்கள். தருமபுரி நகரில் 2008இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. கட்டடங்கள் பெருகுகின்றன. ஆனால் நள்ளிரவில் நோயாளியின் கட்டிலருகே நிற்பவர் இன்றும் செவிலியரே.

எனவே பெற்றோர்களே, உங்கள் மகள் நர்சு படிப்புக்குப் போக விரும்பினால், வேறு படிப்புக் கிடைக்காததால் போகிறாள் என்று ஊராரிடம் சொல்லாதீர்கள். மகனும் இப்படிப்புக்குப் போகலாம். டிப்ளமா முடித்தவர்கள் அத்தோடு நின்றுவிடாமல் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. என்று மேலே படிக்க ஊக்குவியுங்கள். திருமணமாகி வந்த மருமகள் நர்சாக இருந்தால், இரவுப் பணி முடித்து வரும் அவளைக் காலை அடுப்பு வேலை காத்திருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்படிப்புக்கு வாய்ப்பு வந்தால் தடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் நர்சை அதட்டிக் கூப்பிடாமல் மரியாதையோடு அழையுங்கள். பணியில் மூத்த செவிலியர்களோ, புதிதாக வரும் பெண்களுக்குத் தாங்கள் கற்றதை ஒளிக்காமல் சொல்லிக் கொடுக்கட்டும். இடா அம்மையார் சலோமிக்குச் செய்தது அதுவே.

நோயுற்றிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள் என்று நம் ஆண்டவர் இறுதிநாளில் கூறுவார் என்பது நம் விசுவாசம். நோயுற்றோரைப் பார்ப்பதற்கென்றே தம் வாழ்வைக் கொடுத்திருக்கும் நம் பங்கின் செவிலியர் அனைவரையும் இந்த ஜுபிலி ஆண்டில் நன்றியோடு நினைப்போம். அவர்கள் தொழிலில் மென்மேலும் தேர்ந்து, தலைமைப் பொறுப்புகளை ஏற்று, நம் மாவட்டத்து ஏழை எளியவர்க்கு அரணாக விளங்க இறைவனை மன்றாடுவோமாக.